கேம்ப் உள்ள ஊரில் யாவாரம்: அம்பாறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அம்பாறை நகரிலோ காரைதீவு–அம்பாறை வீதியோரத்திலோ ஒரு கடை போடலாம், முகாமுக்கு மரக்கறி கொடுக்கலாம், இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்முனையிலிருந்து வந்தாலும் சரி, மட்டக்களப்பிலிருந்து வந்தாலும் சரி, கட்டாரில் உழைத்த காசோடு வந்தாலும் சரி, வருபவர்களின் கணக்கு ஒன்றுதான்: "ஆமி கேம்ப் இருக்கு, நிறைய ஆட்கள், மாதம் தவறாமல் சம்பளம், யாவாரம் ஓடும்." கணக்கில் பாதி சரி. மற்றப் பாதி தெரியாமல் முதல் போட்டவர்கள்தான் ஒரு வருடத்தில் றாக்கையைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

முதலில், அது எந்த மாதிரி முகாம் என்று பாருங்கள்

எல்லா முகாமும் ஒரே மாதிரிச் செலவழிப்பதில்லை. மல்வத்தையில் இருப்பது இராணுவத்தின் 24ஆவது படைப்பிரிவுத் தலைமையகம். கொண்டவட்டுவானில் போர்ப் பயிற்சிப் பாடசாலை. உஹனவில் விமானப்படை. தெற்கே பாணமையில் கடற்படையின் தென்கிழக்குக் கட்டளை. இடையிடையே எஸ்.ரி.எப். எனப்படும் பொலிஸ் விசேட அதிரடிப்படையின் முகாம்கள். மட்டக்களப்புப் பக்கம் போனால் புணானையில் 23ஆவது படைப்பிரிவு. மட்டக்களப்பு நகரத்து விமான நிலையத்தில் 1983இலிருந்து விமானப்படை இருக்கிறது; 2016இல் அது பொதுமக்கள் விமானங்களுக்கும் திறக்கப்பட்டது.

தலைமையகம் உள்ள இடத்தில் அலுவலக வேலை நடக்கும். சாரதிகள் காத்திருப்பார்கள், ஆட்கள் அலுவலாக வந்து போவார்கள், கடிதம் போட்டோகொப்பி எடுப்பார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள். சிறிய யாவாரம், ஆனால் தினமும் நடக்கும். பயிற்சி முகாம் நேர்மாறு. பயிற்சியில் இருக்கும் பொடியன் இலேசில் வெளியே வரமாட்டான். மாதக்கணக்கில் உங்கள் கடைக்கு அவனால் ஒரு சதமும் இல்லை. பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பு நாளில் தாய், தகப்பன், தங்கச்சி, பெரியம்மா என்று வான் பிடித்து வந்து இறங்குவார்கள். அன்றைக்கு அறை, சாப்பாடு, போட்டோ, பூமாலை எல்லாம் பறக்கும். அந்தத் திகதிகளை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அந்த நாள் யாவாரம். பத்துப் பேர் நிற்கும் காவலரணை நம்பி மட்டும் கடை போடாதீர்கள். பணிஸும் சிகரெட்டும் விற்று வாடகை கட்ட முடியாது.

இதை அறிய வழி, முகாமுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் சில நாட்கள் பின்னேரம் 5 மணியிலிருந்து இருந்து பார்ப்பதுதான். யார் வருகிறார்கள், நடந்தா மோட்டார் சைக்கிளிலா, கையில் என்ன பையோடு திரும்புகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று மட்டும்: கொப்பியும் பேனையுமாக கேட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், போனில் படமும் எடுக்காதீர்கள். எதற்கு வில்லங்கம். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம்.

காசு எப்போது வருகிறது, எங்கே போகிறது

அரச சம்பளம் 25ஆம் திகதி. ஓய்வூதியம் 10ஆம் திகதி. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாத இடம் அடுத்தது: படைவீரரின் சம்பளத்தில் பெரும்பங்கு அம்பாறையில் இறங்குவதே இல்லை. அவருக்குச் சாப்பாடு முகாமில், படுக்கை முகாமில், உடுப்பு முகாமில். மனைவி பிள்ளைகள் குருநாகலிலோ அநுராதபுரத்திலோ மொனராகலையிலோ இருப்பார்கள். சம்பளம் வங்கிக்குப் போய், அங்கே ஏ.ரி.எம்.மில் எடுபட்டு, அங்கேயே அரிசியும் பாடசாலைக் கொப்பியுமாகிவிடும். குடும்பத்தோடு வந்து குடியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆகவே ஆயிரம் பேர் உள்ள முகாம் என்றால் ஆயிரம் வாடிக்கையாளர் என்று பெருக்காதீர்கள். இந்த ஊரில் இறங்குவது அவர்களின் கைச்செலவு மட்டும்தான்: றீலோட், சலூன், பேக்கரி, பின்னேரக் கொத்து, மோட்டார் சைக்கிள் திருத்த வேலை, லீவில் போகும்போது வீட்டுக்கு வாங்கும் சாமான்.

ஊரில் தினமும் அரிசி, மீன், சவர்க்காரம் வாங்குவது வேறு ஆட்கள். 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபிறகு எழுந்த நகரம் இது. 1961இல் தனி மாவட்டமாகியது. மாவட்டச் செயலகம், பொது வைத்தியசாலை, ஹார்டி தொழில்நுட்ப நிறுவனம், நீர்ப்பாசன அலுவலகங்கள், கிங்குரானை சீனி ஆலை என்று சம்பளக்காரர்கள் இங்கே குடும்பமாகவே இருக்கிறார்கள். சுற்றிவர வயல். பெரும்போக அறுவடை மாசி–பங்குனியில், சிறுபோகம் ஆவணி–புரட்டாசியில். நெல் விற்ற காசு அப்போதுதான் ஊருக்குள் புரளும். விவசாயி கடன் கொப்பியை அடைப்பதும் அப்போதுதான்.

அதனால் ஒரு கலண்டரை எடுத்து 10, 25 இரண்டையும் வட்டமிடுங்கள். அறுவடை மாதங்களை நிறம் தீட்டுங்கள். சித்திரை வருடப்பிறப்பு, வெசாக், நீண்ட விடுமுறைகள் எல்லாவற்றையும் குறியுங்கள். அந்த நாட்களில் முடிந்தவர்கள் எல்லாம் லீவில் போய்விடுவார்கள், முகாம் பக்கத்துக் கடைகள் ஈயோட்டும். கார்த்திகை முதல் தை வரை மழை. வெள்ளம் வந்தால் வீதியே மூடிவிடும். தெற்கே பொத்துவில், பாணமைப் பக்கம் என்றால் கணக்கு மாறும்: அறுகம்பைக்கு வெள்ளைக்காரர் வரும் ஏப்ரல்–ஒக்டோபர் பருவமும், உகந்தை வழியாகக் கதிர்காமப் பாதயாத்திரை போகும் ஆனி–ஆடி நாட்களும்தான் அங்கே காசு காணும் காலம்.

எந்த யாவாரம்?

என்னைக் கேட்டால், முகாமை நம்பி வருபவர் முதலில் தொடவேண்டியது லீவுச் சாமான். வீட்டுக்குப் போகும் மனிதன் வெறுங்கையோடு போகமாட்டான். இந்தக் கரையில் கிடைப்பது அவனுடைய ஊரில் கிடைக்காது, கிடைத்தாலும் இந்த விலைக்குக் கிடைக்காது: எருமைத் தயிர், கருவாடு, கஜு, மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும். மருதமுனைச் சாரத்தை அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து வாங்குவார்கள்; மனைவிக்குச் சேலை வாங்குபவர் நிறம் மாற்றித் தருவீர்களா என்று கேட்பார். மாற்றிக் கொடுங்கள். அடுத்த லீவுக்கும் உங்களிடம்தான் வருவார்.

தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டித் தயிரை வீதியோரத்தில் எல்லோரும்தான் விற்கிறார்கள். ஆனால் வாங்குபவர் இரவு பஸ்ஸில் ஏறி, கண்டி வீதி வளைவுகளில் குலுங்கி, விடியப்புறம் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். சட்டி உடைந்தாலோ தயிர் கலங்கிப் பையில் ஊற்றினாலோ அவர் இனி வாங்கமாட்டார். வீதியில் ஒரு அக்கா செய்வதைப் பாருங்கள்: பின்னேரம் பஸ்ஸுக்குப் போகிறவருக்கு அன்று காலையில் நன்றாக உறைந்த சட்டியைத்தான் எடுப்பார். வாய்க்கு எண்ணெய்த் தாளும் அதன்மேல் பத்திரிகைத் தாளும் போட்டு, கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார். சட்டியின் அடிக்கு வைக்கோல் பிரிவளையம் ஒன்று. இரண்டு சட்டி என்றால் நடுவே இன்னொன்று. பிறகு நைலோன் கயிற்றால் நாலுபக்கமும் கட்டி மேலே பிடி விடுவார். பக்கத்துக் கடையைவிட விலை கொஞ்சம் கூட. வரிசை இவரிடம்தான். நீங்கள் விற்கப்போவது கருவாடாக இருந்தாலும் இதே கதை: பஸ்ஸில் மணக்காமல் சுற்றிக் கொடுக்கத் தெரிந்தால் பாதி யாவாரம் முடிந்தது.

அப்புறம் சேவைத் தொழில்கள். சலூன், போன் திருத்துதல், கொமியுனிகேஷன், தையல். தையலில் ஒரு எச்சரிக்கை: சீருடைத் துணி, சின்னங்கள், உருமறைப்புத் துணி இவற்றைக் கடையில் வைத்திருக்கவோ விற்கவோ போகாதீர்கள், சட்டத்தில் மாட்டும். சாதாரண உடுப்பைக் கட்டை பண்ணுவது, இடுப்புப் பிடிப்பது போதும்.

எதைத் தொடங்குவதானாலும் முகாமுக்குள்ளேயே அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கன்ரீன் உண்டு, முடிவெட்ட ஆள் உண்டு, சில இடங்களில் பேக்கரியும் தோட்டமும் உண்டு. படையினரே மரக்கறி பயிரிடுகிறார்கள், ஹோட்டலும் நடத்துகிறார்கள். கல்குடாவில் இருக்கும் லாயா வேவ்ஸ் இராணுவத்தினுடையதுதான். வாடகையும் கூலியும் கட்டி அந்த விலையோடு நீங்கள் போட்டி போட முடியாது. உள்ளே இல்லாததைத் தேடிப் பிடியுங்கள்.

இடம் பிடிக்கும்போது

கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன் காணிப் பத்திரத்தைக் கேளுங்கள். கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. உறுதிக் காணி மாதிரி நினைத்து வாங்கவோ விற்கவோ முடியாது. அனுமதி இல்லாமல் எழுதிய குத்தகை நாளைக்கு நிற்காது. பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பெர்மிட் யாருடைய பெயரில் இருக்கிறது, கடை கட்ட அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஒப்பந்தம் எழுதுங்கள். முதல் ஒப்பந்தத்தை நீட்டி எழுதவேண்டாம். ஒரு வருடம், பிறகு புதுப்பிக்கும் உரிமை. ஏன் என்பது கடைசியில் வரும்.

முகாம் எல்லையோரக் காணி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இரண்டு மடங்கு கவனம். பாணமையில் 2010இல் மக்கள் வெளியேற்றப்பட்ட காணிகளில் முகாம்கள் வந்தன. 2015இல் அமைச்சரவை விடுவிக்க முடிவெடுத்த பிறகும் அந்தப் பிரச்சினை இழுபட்டது. அப்படி ஒருவருடைய உரிமை தொங்கிக்கொண்டிருக்கும் நிலத்தில் கடை போடுவது முதலுக்கும் மோசம், மனச்சாட்சிக்கும் மோசம்.

பதிவுகள்

இது நீளமாகத் தெரியும், ஆனால் நேரே போனால் முடிந்துவிடும். கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தல். அதைக் கொண்டு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. பிறகு நகர சபை அல்லது பிரதேச சபையில் வியாபார உரிமம், அது வருடாவருடம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்ப்பார். தராசு வைத்தால் வருடத்துக்கொருமுறை முத்திரை. இறைவரித் திணைக்களத்தில் ரின் என்ற வரி செலுத்துவோர் இலக்கம் எடுங்கள். 2024இலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது கட்டாயம். வங்கிக் கணக்கைக் கடையின் பெயரில் திறவுங்கள்.

அம்பாறை நகர அலுவலகங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். தமிழும் அரச கரும மொழி. தமிழில் விண்ணப்பம் கேட்பதும் தமிழில் எழுதிக் கொடுப்பதும் உங்கள் உரிமை. கேளுங்கள். அதே நேரம் அன்றைக்கே வேலை முடியவேண்டும் என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். இரண்டுக்கும் முரண் இல்லை.

முகாமுக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பது

இதற்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். இதில்தான் ஆளும் விழுகிறது.

அரச நிறுவனங்கள் அடுத்த வருடத்துக்கான வழங்குநர் பதிவுக்கு வருடக் கடைசி மாதங்களில் பத்திரிகைகளில் விளம்பரம் போடும். தினகரன் மட்டும் பார்த்தால் போதாது, தினமின, டெய்லி நியூஸும் பாருங்கள். பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. பெரிய கேள்விமனு (டெண்டர்) என்றால் பிணை முறி கேட்பார்கள். 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அரச ஒப்பந்தத்துக்கு 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ்த் தனியாகப் பதிவு வேண்டும். சாரதி, உதவியாள், லொறி எல்லாவற்றின் விபரமும் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஆளை மாற்றினால் கேட்டில் நிற்கவேண்டியதுதான்.

இனி முதலீட்டைப் பார்ப்போம். மாதம் 3 இலட்சம் ரூபாய்க்கு மரக்கறி கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அரசிடமிருந்து பில் காசு வர இரண்டு மாதம் இழுத்தால் 6 இலட்சம் உங்கள் கையிலிருந்து வெளியே நிற்கும். மூன்று மாதமானால் 9. தம்புள்ளை வியாபாரியும் நிந்தவூர்த் தோட்டக்காரரும் உங்களுக்காக இரண்டு மாதம் பொறுக்கமாட்டார்கள். அந்தக் காசை வட்டிக்கு எடுத்தால் இலாபம் வட்டிக்காரனுக்கு.

இரண்டாவது பொறி விலை. விலைமனுவில் போட்ட விலை ஒப்பந்தம் முடியும் வரை நிற்கும். பங்குனியில் தக்காளி கொட்டிக் கிடக்கும்போது எழுதிய விலையில் மார்கழி மழையில் கொடுக்கவேண்டி வரும்போதுதான் கண் தெரியும். பச்சைமிளகாய் அதைவிட மோசம். போன இரண்டு மூன்று வருடத்து மார்கழி, தை விலைகளை மொத்தச் சந்தையில் கேட்டறிந்து, அதை வைத்து வருடச் சராசரி போடுங்கள். திருப்பி அனுப்பும் சரக்குக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். நிறுவையிலும் தரத்திலும் கறாராகப் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும்.

புதிதாக வருபவருக்கு நான் சொல்வது: முதல் வருடம் நேரடியாகக் கேள்விமனு போடாதீர்கள். ஏற்கெனவே கொந்தராத்து எடுத்திருப்பவருக்குச் சரக்குக் கொடுங்கள். இலாபம் குறைவு, ஆனால் வாராவாரம் காசு. எந்தக் கிழமை என்ன தேவை, என்ன திரும்பி வருகிறது என்பதெல்லாம் அவர் செலவில் படிக்கலாம். "உள்ளே சேரைத் தெரியும், கொஞ்சம் கவனித்தால் எடுத்துத் தாறன்" என்று வருகிற தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாத காசு போன காசு.

ஆட்கள்

சிங்களமும் தமிழும் பேசும் ஒருவர் கவுண்டரில் இருந்தால் விற்பனை தானாக ஏறும். இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் மூவரும் பெருந்தொகையாக இருக்கிறார்கள். மல்வத்தை, வளத்தாப்பிட்டிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இரு மொழியும் பேசுவார்கள். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் கூலிக்கு ஆள் கிடைக்காது என்பதையும் எண்ணி வையுங்கள். வெட்டு மெசின் வந்தபிறகும் மூட்டை தூக்கவும் காயவைக்கவும் ஆள் வேண்டும், கூலியும் கூட.

ஓய்வுபெற்ற படையினர் இன்னொரு வகை. சாதாரண சிப்பாய் 22 வருடச் சேவையோடு நாற்பது வயதளவில் வெளியே வருகிறார். உடம்பில் தெம்பு இருக்கும், ஓய்வூதியம் இருக்கும், சாரதி, மின்வேலை, மேசன் வேலை என்று கைத்தொழிலும் இருக்கும். காவலாளி வேலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். களஞ்சியம் பார்க்கவும் லொறி ஓட்டவும் நேரம் தவறாத ஆட்கள்.

சம்பளத்தில் ஒளித்து விளையாடவேண்டாம். தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபாய், 2026 ஜனவரியிலிருந்து 30,000. ஊழியர் சேமலாப நிதிக்கு ஆளிடமிருந்து 8 வீதம், நீங்கள் 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். கட்டாமல் விட்டு, ஆள் தொழில் திணைக்களத்துக்குப் போனால் நிலுவையோடு தண்டமும் வரும்.

கடன்

படையினருக்குக் கடன் கொடுக்காதீர்கள். நேர்மை பற்றிய பேச்சு இல்லை. பெரும்பாலானவர்கள் ஒழுங்காகத் தருவார்கள். ஆனால் இரவோடிரவாக இடமாற்றம் வரும், ஆள் வன்னியில் இருப்பார், கொப்பி உங்களிடம் இருக்கும். ஊராருக்கு அறுவடைவரை கொடுக்கலாம், அளவோடு.

மனசு

எங்கள் வீடுகளில் பலருக்கு முகாம் என்றால் வேறு நினைவுகள் உண்டு. சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தவர்கள், பிள்ளையைத் தேடி இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மார் எல்லோரும் அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். முகாமோடு யாவாரம் செய்வதை வீட்டில் ஒருவர் விரும்பாவிட்டால், காசைக் காட்டி வாயடைக்கப் பார்க்காதீர்கள். அது அவரவர் முடிவு. செய்வதென்று முடிவெடுத்தால் யாவாரத்தோடு நிறுத்துங்கள். ஊர்க்கதையை அங்கே கொண்டுபோகவேண்டாம், அங்கே கண்டதை ஊரில் பரப்பவும் வேண்டாம். இரண்டு பக்கமும் உங்களை நம்புவது அதனால்தான்.

முகாம் சுருங்கினால்

2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு ஒரு கணக்கை வெளியிட்டது: அனுமதிக்கப்பட்ட 2,00,783 என்ற இராணுவ ஆளணியை 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030க்குள் 1,00,000 ஆகவும் குறைப்பது. வடக்கு கிழக்கில் பல முகாம்கள் ஏற்கெனவே தனியார் காணிகளிலிருந்து விலகியிருக்கின்றன. காணிக்காரருக்கு அது நியாயம், நல்ல செய்தியும்கூட. கேட்டுக்கு எதிரே பத்து வருடக் குத்தகை எழுதியவருக்குத்தான் திண்டாட்டம். ஒரு வருட ஒப்பந்தம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

வரவைக் கொப்பியில் எழுதும்போது முகாம் ஆட்கள், ஊர்க் குடும்பங்கள், வழிப்போக்கர் என்று மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரல் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் ஊருக்கான சாமானைக் கூட்டுங்கள்: பாடசாலைப் பொருள், விதை, உரப்பை, கோவில் திருவிழாச் சாமான், எது அந்தப் பகுதிக்குப் பொருந்துமோ அது. சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த வாரம் முகாமில் பாதிப்பேர் லீவில் இருப்பார்கள். அந்த வார வரவைத் தனியாக எடுத்து, அதில் ஒரு வாரத்து வாடகையும் கடையில் நிற்கும் ஆளின் சம்பளமும் அடைபடுகிறதா என்று பாருங்கள். அடைபட்டால் ஒப்பந்தத்தை இன்னொரு வருடத்துக்கு எழுதலாம்.